படித்துறைக் கார்பெட் துரை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது சில நாட்கள் தயங்கினேன். புலவர் பெருமக்களைப் பற்றியும் தேசத் தலைவர்களைப் பற்றியும் எழுதக் கற்றறிந்தோர் நம்மிடையே பலர் உளர். நானோ மெட்ரிகுலேஷனுடன் படிப்பை நிறுத்திக் குட்ஸ் ஆபீஸில் பேரேடு எழுதிக் கை பழகியவன். ஆகவே என் கைக்கு எட்டிய ஒருவரைப் பற்றி எழுதுவதே முறையாகும் எனத் தெளிந்தேன். அவர் ஜிம் கார்பெட்.

புலிவேட்டைக் கார்பெட்டைப் பற்றி ரயில்வே குமாஸ்தா எழுத என்ன இருக்கிறது என்று அன்பர்கள் வியக்கக்கூடும். குமாயுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டு வீழ்த்திய வீரராகவே அவரை உலகம் அறியும். தி. ஜ. ர. அவர்கள் தமிழாக்கிய ‘குமாயுன் புலிகள்’ நம்மில் பலர் பள்ளிப் பருவத்தில் விளக்கொளியில் அஞ்சி அஞ்சிப் படித்த நூல். ஆயினும் அம்மனிதர் தம் வாழ்நாளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக உண்ட சோறு ரயில்வேச் சோறு என்பதை நம் காலனியிலேயே பலர் அறியார். அதுவும் எந்த ரயில்வே? கோரக்பூரைத் தலைமையகமாகக் கொண்டிருந்த வங்காள - வடமேற்கு ரயில்வே. 1943-ல் அது ஔத் - திருஹத் ரயில்வேயாகி, 1952-ல் நாம் சம்பளம் வாங்கும் இந்த வடகிழக்கு ரயில்வேயில் கலந்தது. ஆக, ஒரு வகையில் அவர் நம் இலாகாவின் பழைய சிப்பந்தி.

அவரைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. மாலை வேளைகளில் நம் காலனியில் நாலு பெரியவர்கள் கூடினால் பேச்சு எங்கு தொடங்கினும் ஓய்வுக்குப்பின் எங்கே போவது என்பதில்தான் சென்று நிற்கும். பிறந்த ஊருக்குத் திரும்புவதா, பிள்ளைகள் பிறந்து வளர்ந்த இவ்வூரிலேயே ஒரு மனை வாங்குவதா என்னும் வழக்கு ஒருநாளும் தீர்ந்ததில்லை. கார்பெட் துரையின் வாழ்விலும் இதே வழக்கு வந்தது. அதை அவர் தீர்த்துக்கொண்ட விதம் என் மனத்தை நெடுநாளாக அரித்து வருகிறது.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875-ம் ஆண்டு ஜூலை 25-ம் நாள் நைனிதாலில் பிறந்தார். பாட்டனார் காலத்தில் அயர்லாந்திலிருந்து இந்தியா வந்த குடும்பம் அது. தந்தையார் கிறிஸ்டோபர் கார்பெட் 1862 முதல் நைனிதால் தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டர். பிள்ளைகள் நிறைந்த வீடு. வருவாய் குறைந்த வீடு. ஜிம்முக்கு ஆறு வயது நிரம்புமுன் 1881-ல் தந்தை காலமானார். தாயார் மேரி ஜேன் கோடைக்கு நைனிதாலிலும் குளிர்காலத்துக்கு மலையடிவாரத்துக் காலாதுங்கியிலுமாகக் குடும்பத்தை நடத்தினார். அக்காலாதுங்கிக் காட்டில்தான் சிறுவன் ஜிம் பறவைகளின் குரலையும் விலங்குகளின் தடத்தையும் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோலப் படித்தறிந்தான். ஏட்டுப் படிப்பு அதற்கு ஈடாக ஓடவில்லை. பொறியாளராக வேண்டும் என்ற ஆசை இருந்தது. வீட்டு நிலை இடம் கொடுக்கவில்லை. பதினெட்டு வயதை ஒட்டி, பள்ளிப் படிப்போடு ரயில்வேயில் வேலைக்குச் சேர்ந்தார். இவ்விடத்தைப் படிக்கும்போது நம்மில் எத்தனை பேருக்குத் தம் கதையே நினைவுக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

முதல் உத்தியோகம் விறகு இன்ஸ்பெக்டர். அந்நாளில் எஞ்சின்கள் பல விறகில் ஓடின. 5 லட்சம் கன அடி மரத்தை வெட்டி, எஞ்சின் அடுப்புக்கு ஏற்ப 36 அங்குல நீளத்துக்கு மேற்படாத துண்டுகளாக்கித் தரவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. காட்டிலேயே கூடாரம், காட்டிலேயே சமையல். எஞ்சின்கள் நிலக்கரிக்கு மாறவும் அவ்வேலை முடிந்தது. பின்பு ஓராண்டுக் காலம் லோகோ ஷெட்டில் கரிச் செலவு சரிபார்த்தார். குட்ஸ் வண்டியில் கார்டாகச் சென்றார். ஸ்டோர் கீப்பருக்கு உதவினார். உதவி ஸ்டேஷன் மாஸ்டராகவும் இருந்தார். தற்காலிகச் சிப்பந்தியை எங்கே ஆள் குறைவோ அங்கெல்லாம் அனுப்பும் வழக்கம் இலாகாவுக்குப் புதிதன்று. பிறகு கோரக்பூருக்கு அழைக்கப்பட்டு, மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்தத்தை ஏற்றார்.

‘காட்’ என்பது நம்மவர் செவியில் காடு என்று விழும். அது காடு அன்று, இந்தியில் படித்துறை. பாட்னாவுக்குக் கிழக்கே கங்கையின் தென்கரையில் உள்ளது மொகாமா. தென்கரையில் வந்து நிற்பது கிழக்கிந்திய ரயில்வேயின் அகலப் பாதை, ஐந்தடி ஆறங்குலம். எதிர்க்கரையில் தொடங்குவது வங்காள - வடமேற்கு ரயில்வேயின் மீட்டர் பாதை. நடுவே கங்கை, பாலம் கிடையாது. தெற்கேயிருந்து வரும் கரி, உப்பு, துணி, இரும்பு யாவும் அகலப் பாதை வாகனிலிருந்து இறக்கப்பட்டு, மீட்டர் பாதை வாகனில் ஏற்றப்பட்டு, ஆற்றைக் கடந்து சென்றாக வேண்டும். வடக்கேயிருந்து வரும் தானியமும் சர்க்கரையும் அவ்வாறே இங்கே கை மாறியாக வேண்டும். ஆண்டுக்கு லட்சக்கணக்கான டன் சரக்கு. கிரேன் என்றோ வேறு இயந்திரம் என்றோ எதுவுமில்லை. கூடையும் தலையும் தோளுமே இயந்திரம். இரண்டு பாதைகள் சந்திக்கும் ஜங்ஷனில் வேலை பார்த்த மூத்தவர்கள் ‘டிரான்ஷிப்மெண்ட்’ என்ற சொல்லைக் கேட்டாலே பெருமூச்செறிவர். மீட்டர் பாதை பெரும்பாலும் அகலப் பாதையாகிவிட்ட இந்நாளில், அந்தப் பெருமூச்சின் பொருளை இளைஞர்கள் உணர்வது அரிது.

கார்பெட் வந்து சேர்ந்தபோது ஷெட்டுகளில் சரக்கு கூரையை முட்டிக் கிடந்தது. இறக்கப்படாத வாகன்கள் யார்டில் வரிசை வரிசையாக நின்றன. அவருக்கோ இருபது வயது கடந்து அதிக நாளாகவில்லை. துணைக்கு வாய்த்தவர் ஸ்டேஷன் மாஸ்டர் ராம் சரண். இருவரும் ஆள் சேர்த்தார்கள். கார்பெட் நிழலில் நின்று ஆணையிடும் மேற்பார்வையாளராக இருக்கவில்லை. கூலியாட்களோடு தாமும் கரி சுமந்தார். அவர்கள் பேசும் நாட்டுப்புற மொழியிலேயே பேசினார். விடியுமுன் தொடங்கிய வேலை பொழுது சாய்ந்து நெடுநேரம் கழிந்தே ஓயும்.

சரக்கு குறைந்துகொண்டே வந்தது. ஆனால் பணம் வரவில்லை. டன்னுக்கு என்ன கூலி என்பதைத் தலைமையகம் தீர்மானிக்காமல் கிடப்பில் போட்டிருந்தது. மாதங்கள் கடந்தன. கையிலிருந்ததையெல்லாம் கார்பெட் ஆட்களுக்குப் பகிர்ந்தளித்துவிட்டார். மளிகைக்காரர் கடன் நிறுத்தினார். ஆட்கள் ஒருவேளை உணவுக்கு இறங்கினார்கள்; துரையும் அவ்வாறே. பட்டினியோடு மூட்டை தூக்கிய ஒருவரும் வேலையை விட்டு ஓடவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. இனித் தாங்காது என்ற நிலை வந்த இரவில், மறுநாள் நண்பகலுக்குள் பணம் அனுப்பிய உறுதி வராவிடில் மொகாமா காட்டில் வேலை நின்றுவிடும் என்று கார்பெட் கோரக்பூருக்குத் தந்தி கொடுத்தார். காகிதத்தில் பல மாதம் நகராத விஷயம் அத்தந்தியால் ஓர் இரவில் நகர்ந்தது. உறுதி வந்தது, அடுத்து வண்டியில் பணமும் வந்தது. இதில் வியப்பொன்றுமில்லை என்று அனுபவஸ்தர்கள் சொல்வார்கள். எனக்கு வியப்பாக இருப்பது தந்தியன்று. அந்த இரவுவரை துரையும் கூலியும் ஒரே அளவு பட்டினி கிடந்தார்கள் என்பதே. பின்னாளில் ஒப்பந்த லாபத்திலும் தொழிலாளருக்குப் பங்கு கொடுக்கும் வழக்கத்தை அவர் வைத்திருந்தார். அந்தக் காலத்தில், அந்த இடத்தில், இது எளிய செயல் அன்று.

ராம் சரணுக்கு ஒரு தீராத வேட்கை. தாம் போதிய கல்வி பெறவில்லை என்ற குறை அவருக்கு. தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும் என்றார். இருவருமாகத் தம் கைப்பொருளைக் கொண்டு தொடங்கினார்கள். உடனே சாதி குறுக்கிட்டது. ஒரே அறைக்குள் மேல்சாதிப் பிள்ளையும் கீழ்ச்சாதிப் பிள்ளையும் அமரலாகாது என்றனர் பெற்றோர். சாத்திரம் பேசி அவர்களை வெல்ல ராம் சரண் முயலவில்லை. கட்டடத்தின் சுவர்களை எடுத்துவிட்டார். கூரை மட்டும் நின்றது. சுவரில்லாத இடம் அறையாகாதே! பிள்ளைகள் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து படித்தார்கள். சில பிள்ளைகளோடு தொடங்கிய அப்பள்ளி பெருகிப் பின்னர் அரசாங்கத்தின் பொறுப்பில் சென்றது. ராம் சரண் ராவ் சாகிபுக்கு நிகரான ‘ராய் சாகிப்’ பட்டமும் பெற்றார். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இடமில்லை என்று ஒவ்வோர் ஆண்டும் குறைப்பட்டுக்கொள்ளும் நாம், கூரை ஒன்றே போதும் என்ற அந்த ஸ்டேஷன் மாஸ்டரைச் சற்றே நினைத்துக்கொள்ளலாம்.

மொகாமாவில் அவர் பழகிய மனிதர்கள் பலர். தன் ஊரில் தாழ்த்தப்பட்டு, பிழைப்புத் தேடி மனைவியுடன் வந்து கூடை தூக்கத் தொடங்கியவர் சமாரி. கரி இறக்கும் கூட்டங்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தார். ஈட்டியதை ஏழைகளுக்கே செலவிட்டார். காலராவில் அவர் மாண்டபோது, சாதி பாராமல் எல்லோரும் அவருடைய இறுதி ஊர்வலத்தில் பின்சென்றனர். புத்து என்றொருவர். பாட்டன் வாங்கிய இரண்டு ரூபாய்க் கடனுக்காக மூன்றாம் தலைமுறையிலும் லேவாதேவிக்காரனுக்கு அடிமையாய் உழைத்துக்கொண்டிருந்தவர். கார்பெட் வக்கீல் வைத்து அக்கடனைத் தீர்த்து, புத்துவின் கைநாட்டுப் பத்திரத்தை மீட்டார். லாலாஜி என்னும் தானிய வியாபாரி கூட்டாளியால் மோசம் போய், காலரா கண்டு, ஆதரவற்றுப் படித்துறையில் கிடந்தார். அவரைத் தம் வீட்டுக்குத் தூக்கிச் சென்று பணிவிடை செய்து பிழைக்க வைத்ததோடு, மீண்டும் தொழில் தொடங்க 500 ரூபாயும் கொடுத்தார் கார்பெட். பத்திரமில்லை, ஜாமீனில்லை. ஓராண்டு முடியுமுன் அத்தொகை திரும்பி வந்தது.

இத்தனை வேலைக்கு நடுவே விடுப்பெடுத்து நைனிதால் செல்லும் நாட்களில்தான் புலிவேட்டைகள் நிகழ்ந்தன. உலகம் புகழும் பகுதி இதுவே. ஆயினும் பலரும் அறிந்ததாதலின் நான் இதில் நெடிது நிற்கப் போவதில்லை. 1907-ல் சம்பாவத் பெண்புலியைச் சுட்டார். நேபாளத்தில் 200 பேரையும் குமாயுனில் 236 பேரையும் கொன்ற புலி அது. அரசு அறிவித்திருந்த பரிசுத் தொகையை ரத்து செய்ய வேண்டும், மற்ற வேட்டைக்காரர்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளின் பேரிலேயே அவ்வேலைக்கு இசைந்தார். பரிசுக்காகக் கொல்பவன் என்ற பெயர் தமக்கு வேண்டாம் என்பது ஒன்று. காட்டில் பிறர் துப்பாக்கிக்கு இரையாக வேண்டாம் என்பது மற்றொன்று. இறந்த புலியை ஆராய்ந்தபோது அதன் வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியும் கீழ்ப்பல் எலும்புவரையும் உடைந்திருந்தன. யாரோ எப்போதோ சுட்ட குண்டின் வேலை. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற் போன புலியே மனிதனை நாடியது. முள்ளம்பன்றியின் முள் தைத்துச் சீழ்பிடித்த புலிகளையும் பின்னாளில் கண்டார். புலி பிறவியில் ஆட்கொல்லி அன்று. காயமும் முதுமையுமே அதை அவ்வாறு ஆக்குகின்றன என்பதை அவர் ஊரறியச் செய்தார்.

ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. நம் காலனியிலிருந்து பத்ரி, கேதார் யாத்திரை சென்று வந்தவர்கள், அலகநந்தாவும் மந்தாகினியும் கூடும் அவ்விடத்தைத் தரிசித்திருப்பார்கள். 1918 முதல் எட்டாண்டுகள் அந்த யாத்திரைப் பாதையில் இரவில் கதவு திறக்க எவரும் துணியவில்லை. அரசுக் கணக்கில் 125 உயிர்கள். 1926 மே மாதத் தொடக்கத்தில் குலாப்ராய் என்னும் இடத்தில், மாமரம் ஒன்றின்மேல் இரவுகள் பல காத்திருந்து அதனைக் கார்பெட் வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

முதல் உலகப்போரின்போது, 1917-ல், குமாயுன் மலைவாசிகள் 500 பேரைத் தொழிலாளர் படையாகத் திரட்டிப் பிரான்ஸுக்கு அழைத்துச் சென்றார். கடற்பயணத்தில் நோயுற்று இறந்த ஒருவர் தவிர அனைவரையும் ஊர் கொண்டுவந்து சேர்த்தார். எல்லைப்புறத்திலும் பணியாற்றினார். போருக்குப்பின் ரயில்வேக்குத் திரும்பவில்லை. நைனிதாலில் வியாபாரம், நகரசபையில் அங்கம், கிழக்காப்பிரிக்காவில் நண்பர் விண்டாமுடன் கூட்டாக ஒரு காப்பித் தோட்டம் என வாழ்வு சென்றது.

குறைகளையும் மறைக்கலாகாது. வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவுக்கும் அவர்போன்ற பெரிய துரைமாருக்கும் புலிவேட்டை ஏற்பாடு செய்து கொடுத்தவர் இவரே. புலியைக் காக்க வேண்டும் என்று ஒரு கையால் எழுதிக்கொண்டு, மறு கையால் பிரபுக்களின் துப்பாக்கிக்குப் புலியை ஓட்டிக் கொடுத்தது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. ஏகாதிபத்தியத்தை அவர் ஒருபோதும் கேள்வி கேட்டவரும் அல்லர். ஆயினும் வயது ஏற ஏறத் துப்பாக்கியைவிடச் சினிமாக் காமிராவையே அதிகம் ஏந்தினார். 1936-ல் ராம்கங்கைக் கரையில் ஹெய்லி தேசியப் பூங்கா அமைந்தபோது அதற்குத் துணை நின்றார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அது. 1938-ல் தாக் ஊர்ப் புலியோடு ஆட்கொல்லி வேட்டையை முடித்துக்கொண்டார். 1944-ல் ‘குமாயுன் புலிகள்’ ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது.

நான் சொல்ல வந்த இடத்துக்கு இப்போது வருகிறேன். காலாதுங்கியை ஒட்டிச் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை 1915-ல் கார்பெட் விலைக்கு வாங்கினார். பாழ்நிலத்தைத் திருத்திக் குடியானவர்களை அமர்த்தினார். காட்டுப்பன்றியும் மானும் பயிரை அழிக்காதபடி ஊரைச் சுற்றி மைல் கணக்கில் கல்மதில் எழுப்பினார். வாழை வைத்தார்; வாய்க்கால் வெட்டினார்; குளிர்காலந்தோறும் தமக்கை மேகியுடன் அங்கே வந்து தங்கினார். அவரும் மணம் செய்யவில்லை. அம்மையாரும் மணம் செய்யவில்லை. காலையில் வீட்டு வாசலில் நோயாளிகள் கூடுவர். மேகி அம்மையார் மருந்து கொடுப்பார். குடிகளின் சச்சரவுகள் துரையின் திண்ணையிலேயே தீரும்.

இங்கிலாந்திலிருந்து வந்த ஐ. ஸி. எஸ். துரைமாருக்கு இந்தியாவில் பிறந்த வெள்ளையர் ஒரு படி தாழ்ந்தவர். நைனிதாலின் உயர்ந்த கிளப்புகளில் அத்தகையோருக்கு இடமில்லை. இந்தியர் கண்ணிலோ அவர் வெள்ளைக்காரர். இரண்டு பாதைகளுக்கும் நடுவே சரக்கு மாற்றிய மனிதர், தாமும் அவ்வாறே இரண்டு கரைக்கும் நடுவில் நின்றார். இங்கிலாந்தில் அவர் ஒருநாளும் குடியிருந்ததில்லை. இரண்டு தலைமுறைக் கல்லறைகள் இம்மண்ணில் இருந்தன.

1947 வந்தது. அவருக்கு வயது எழுபத்திரண்டு. மேகி அம்மையாருக்கு எழுபத்து மூன்று. தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினர். தாம் முந்தினால் தமக்கை தனித்து நிற்பாரே, தமக்கை முந்தினால் தாம் தனித்து நிற்போமே என்ற கவலை ஒருபுறம். புதிய ஆட்சியில் தம்போன்றவர்க்கு இடமிருக்குமோ என்ற ஐயம் மறுபுறம். உறவினர் சிலர் கென்யாவில் இருந்தனர். நைனிதால் கர்னி ஹவுஸை விற்றார். காலாதுங்கி வீட்டையும் கைமாற்றினார். நவம்பர் இறுதியில் மலையிறங்கி, லக்னோ வழியாகப் பம்பாய் சென்று, டிசம்பரில் ‘அரோண்டா’ கப்பலில் இருவரும் மொம்பாசா நோக்கிப் புறப்பட்டார்கள். ஆட்கொல்லியின் எதிரில் தனித்து இரவு கழித்தவர், தமக்கு ஒரு தீங்கும் செய்யாத ஊரைக் கண்டு அஞ்சினார்.

அவர் செய்தது தவறென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவ்வாண்டில் வடநாட்டில் ஓடிய ரத்தத்தைக் கண்டவர்கள் அஞ்சாதிருப்பது கடினம். ஆனால் குமாயுன் குடியானவர்கள் அவரைப் போகச் சொல்லவில்லை என்பது நிச்சயம். சோட்டி ஹல்த்வானி நிலத்தை அவர் விற்கவில்லை. குடிகளே உழுதுண்ண விட்டார். கென்யாவிலிருந்தபடியே அந்நிலத்துக்கு உரிய வரியைத் தாமே செலுத்தி வந்தார். காலப்போக்கில் அந்நிலம் உழுதவர்களுக்கே உரிமையாயிற்று. வேட்டையில் துணைநின்ற மோத்தி சிங்குக்கு வீடு அளித்திருந்தார். புறப்படுகிறவன் பெட்டியைக் கட்டும் விதத்தில் அவன் மனம் தெரியும் என்பார்கள். முழுதும் புறப்பட அவருக்கு மனம் வரவில்லை போலும்.

கென்யாவில் நையேரி என்னும் ஊரில், ஒரு விடுதித் தோட்டத்துக் குடிலில் இருவரும் குடியேறினர். சாரணர் இயக்கம் கண்ட பேடன் பவல் பிரபு தம் இறுதிநாட்களைக் கழித்த குடில் அது. 1952 பிப்ரவரியில் எலிசபெத் இளவரசி அருகிலிருந்த மரவிடுதியில் ஓரிரவு தங்கி விலங்குகளைக் கண்டபோது கார்பெட்டும் உடனிருந்தார். அவ்விரவில்தான் மன்னர் ஆறாம் ஜார்ஜ் மறைந்து, இளவரசி அரசியானார். அதே ஆண்டு அக்டோபரில் கென்யாவில் மௌ மௌ கிளர்ச்சியால் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நையேரிப் பகுதி அதன் நடுவில் இருந்தது. அமைதி வேண்டி அவர் விட்டுச் சென்ற நைனிதாலில் அப்போது ஏரிக்கரைச் சாலையில் குடும்பங்கள் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

அந்தக் குடிலில் அமர்ந்து அவர் எழுதியவை பெரும்பாலும் எதைப் பற்றி? ஆப்பிரிக்கக் காட்டைப் பற்றியன்று. 1952-ல் வெளிவந்த ‘எனது இந்தியா’வில் மொகாமா படித்துறையும் ராம் சரணும் சமாரியும் புத்துவும் லாலாஜியும் வருகிறார்கள். இந்தியாவின் ஏழை மக்களுக்கே அந்நூலைக் காணிக்கையாக்கினார். மறு ஆண்டு வெளிவந்த நூலில் காலாதுங்கிக் காட்டில் கழித்த சிறுவயதை எழுதினார். கடல் கடந்து, நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்பும், கரி சுமந்த கூலியாட்களின் பெயரும் குணமும் அவர் நினைவில் மங்கவில்லை. எந்த ஊரில் இருந்துகொண்டு எந்த ஊரை நினைக்கிறோம் என்பதில் நம் காலனிவாசிகளுக்குப் பயிற்சி அதிகமாதலின், அப்பக்கங்களை நாம் மற்றவர்களைவிட நன்றாகவே படிக்க முடியும்.

1955 ஏப்ரல் 19-ம் நாள் மாரடைப்பால் காலமானார். நையேரியில் புனித பீட்டர் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மேகி அம்மையார் 1963-ல் மறைந்தார். சுதந்திர இந்தியா அவரை மறக்கவில்லை. தேசியப் பூங்காவுக்கு 1957-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டதும் அப்பூங்காவில்தான். இந்தோசீனப் புலிக்கு உயிரியலார் 1968-ல் அவர் பெயரை இட்டனர். மொகாமாவில் 1959-ல் ராஜேந்திர சேது திறக்கப்பட்டு, ரயில் கங்கையைப் பாலத்தின்மேல் கடந்தது. கூடைகளுக்கு அங்கே வேலை இல்லாது போயிற்று.

கோடை விடுமுறைப் பாஸில் காட்கோதாம் வரை சென்று நைனிதால் ஏறும் நம் குடும்பங்கள், ஒரு நாளை மிச்சப்படுத்திக் காலாதுங்கிக்கும் போய்வரலாம். ஹல்த்வானியிலிருந்து பஸ் உண்டு. துரையின் வீடு 1967 முதல் காட்சிச்சாலையாக இருக்கிறது. அவர் எழுப்பிய கல்மதிலின் பகுதிகளை இன்றும் காணலாம். மதிலுக்குள் கோதுமை விளைகிறது; உழுபவர்கள் அவர் குடிவைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்.